ஓரெழுத்தும் தலையெழுத்தும்

கறுப்புத் திரை. மின்னும் கர்சர். பட்டனும் கிடையாது, படமும் கிடையாது. ஆணையை டைப் அடித்து என்டரைத் தட்டினால் வேலை முடிந்தது. இன்டர்நெட்டைத் தாங்கும் சர்வர்களை இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் மேய்க்கிறார்கள்.

ஆணைக்குப் பக்கத்தில் சின்னக் கோடு போட்டு ஓர் எழுத்தைச் சேர்த்தால் அது ஆப்ஷன். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள், கூத்து ஆரம்பமாகும்.

'வி' என்றால் பல ஆணைகளில் 'விலாவாரியாகச் சொல்'. சிலவற்றில் 'உன் வெர்ஷன் என்ன?' வார்த்தையைத் தேடித் தரும் 'கிரெப்'பில் 'அந்த வார்த்தை இல்லாத வரிகளைக் கொடு'. அப்படியே தலைகீழ்! 'எஸ்எஸ்ஹெச்'சில் போர்ட் எண்ணுக்குச் சின்ன 'பி'. அதன் உடன்பிறப்பான 'எஸ்சிபி'யில் பெரிய 'பி'. கோப்புகளை மூட்டை கட்டும் 'டார்' இன்னும் வில்லங்கம். கோடு போட்டு 'சி, இசட், எஃப்' என்று அடித்தால் சரி. 'சி, எஃப், இசட்' என்று மாற்றினால் 'இசட்' என்ற பெயரிலேயே ஒரு மூட்டை கட்டிவிடும். 'எஃப்'புக்கு அடுத்து வருவதெல்லாம் அதற்குக் கோப்பின் பெயர்!

கேட்டால், "மேனுவல்ல போட்டிருக்கே, படிக்கலையா?" என்பார்கள். படித்தேன் சார். ஆபத்தான ஆப்ஷனும் அற்பமான ஆப்ஷனும் அகரவரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. உதாரணம் இருந்தால் கடைசிப் பக்கத்தில். நான் பி.காம். டெபிட் இடது, கிரெடிட் வலது. 1494-ல் இத்தாலியின் லூகா பாச்சியோலி இரட்டைப் பதிவு முறையை அச்சிட்டுக் கொடுத்தார். பெட்டிக்கடைப் பேரேடோ, பன்னாட்டுக் கம்பெனிப் பேரேடோ, பக்கம் மாறுவதில்லை. கணக்குப்பிள்ளைகளுக்கு இருந்த ஒழுங்கு கம்ப்யூட்டர் மேதைகளுக்கு வேண்டாமா?

இது வெறும் எரிச்சல் சமாசாரம் இல்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவையில், சில சர்வர்களை நீக்க ஓர் ஊழியர் கொடுத்த ஆணையில் ஒரு விவரம் தவறிப்போனது. நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுகொண்டன. அதை நம்பியிருந்த ஏராளமான தளங்கள் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. 'டைப்பிங் தப்பு' என்று உலகம் சிரித்தது. அமேசான் என்ன செய்தது? கருவியைத் திருத்தியது. மெதுவாக நீக்கு, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகப் போனால் தடுத்து நிறுத்து என்று பூட்டுப் போட்டது. நோய் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டுமா?

"இப்ப மாத்தினா பழைய ஸ்கிரிப்ட் எல்லாம் உடைஞ்சிடும்" என்பது நியாயமான பதில்தான். மாற்ற வேண்டாம். குனூ திட்டம் எப்போதோ இரட்டைக் கோடு போட்டு முழு வார்த்தை ஆப்ஷன்களைக் கொடுத்துவிட்டது. மேனுவலில் அதை முதலில் போடுங்கள். உதாரணத்தை மேலே கொண்டுவாருங்கள். அழிக்கிற ஆணை, எதை அழிக்கப் போகிறது என்று காட்டிவிட்டு அழிக்கட்டும்.

அடுத்த முறை ஒரு சர்வர் கவிழ்ந்தால், அடித்த விரலை மட்டும் தேடாதீர்கள். ஓரெழுத்துக்கு ஒன்பது அர்த்தம் வைத்த கையையும் தேடுங்கள்.