அனுப்பமுன் ஒருமுறை



எங்கள் அலுவலகத்திலும் கிராமத்து மகளிர் சங்கங்களிலும் இன்று பாதி வேலை வட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. கூட்டத் திகதி, கடன் தவணை, கோழிக்குஞ்சு பகிர்வது எல்லாம் அதில்தான். எழுதச் சிரமப்படுகிறவர்கள் குரல்பதிவு அனுப்புவார்கள்.

முன்பெல்லாம் ஒலிவாங்கிக் குறியை அழுத்திக் கதைத்துவிட்டு விரலை எடுத்தால் செய்தி போய்விடும். சொன்னது சரியா என்று கேட்டுப் பார்க்க வழியில்லை. பிறகு அழித்தாலும், அழித்த அடையாளம் குழுவில் கிடக்கும். 2021 டிசெம்பரில் ஒரு சிறிய மாற்றம் வந்தது. அனுப்பமுன் நாமே கேட்டுப் பார்க்கலாம். 2022 மார்ச்சில், இடையில் நிறுத்தித் திரும்பத் தொடரும் வசதியும் சேர்ந்தது. குறியை அழுத்தி மேலே நகர்த்துங்கள்; கையை எடுத்துவிட்டுக் கதைக்கலாம். நிறுத்திக் கேட்டு, பிடிக்காவிட்டால் குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டு அழித்துவிடலாம்.

எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் 2009இல் இருந்து கணவரைத் தேடுகிறார். கதைக்கும்போது அழுகை வந்துவிடும் என்ற பயத்தில் குழுவில் எதுவும் சொல்லமாட்டார். இதைப் பழக்கிக் கொடுத்த பிறகு மெல்லக் கதைக்கத் தொடங்கினார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, போனிலை அனுப்பமுதல் நான் சொன்னதைக் கேட்கலாம். நீங்கள் எழுதுற படிவத்திலை மட்டும் ஏன் ஏலாது?"

அவருடைய கோவையை எடுத்துப் பார்த்தேன். "விதவை" என்ற கட்டத்தில் அடையாளம் இருந்தது. இட்டவள் நான். அவர் சொன்னதோ, "இன்னும் ஆளைக் காணேல்லை" என்று. கீழே அவருடைய கையொப்பம். நான் வாசித்துக் காட்டவில்லை; அவரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நேர்காணல் முறை பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். வெட்கமாக இருந்தது.

அன்றே அவர்முன் திருத்தினேன். இப்போது எழுதி முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டி, "இது நீங்கள் சொன்னதுதானா?" என்று கேட்ட பிறகே கையொப்பம் வாங்குகிறேன். ஐந்து நிமிடம் கூடப் போகும். போகட்டும்.

அந்த வசதியைச் செய்தவர்கள், கதைக்கிறவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று கவனித்திருக்கிறார்கள். மனிதரோடு வேலை செய்யும் நாங்கள் அதை முதலில் கவனித்திருக்க வேண்டும்.

சகோதரிகளே, உங்களுக்காக யார் எழுதினாலும், கையொப்பமிடமுன் "ஒருக்கா வாசித்துக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அது உங்களுடைய கதை.