பழைய வண்டியும் புதிய குரலும்

பழமை என்றால் கைகூப்பித் தொழுவோரும் உண்டு. பழமை என்றால் மூக்கைச் சுளிப்போரும் உண்டு. இலக்கியத்திலும் இசையிலும் இவ்விரு கட்சியாரும் நடத்தும் போரை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். அதே போர் இப்போது மோட்டார் வண்டிக்குள்ளும் நடைபெற்று வருகிறது என்பதைச் சிலரே அறிவர். ஐம்பது அறுபது ஆண்டு வயதான காரைப் பேணி வைத்திருக்கும் ஒருவர், அதிலுள்ள பழைய ரேடியோவை அப்படியே வைத்துக்கொள்வதா, அல்லது அதைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியோடு உறவாடும் புதிய கருவியைப் பொருத்துவதா? இதுவே வழக்கு.

"இதெல்லாம் செல்வர்களின் விளையாட்டு, மாணவர் இதழில் இதற்கு இடமேது?" என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் படிப்பது கல்கத்தாவில். இந்நகருக்கு அருகே, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள உத்தர்பாராவில்தான் அம்பாசிடர் கார் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவாயிற்று. நாம் ஏறிச் செல்லும் மஞ்சள் வாடகை வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருவதை நாமே காண்கிறோம். ஊரில் நம்மவர் வீடுகள் சிலவற்றிலும் பாட்டனார் வாங்கிய அம்பாசிடரோ, பம்பாயில் செய்த பியட்டோ, சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டோ உறை போர்த்துக் கொட்டகையில் நிற்கிறது. நாளை அவற்றின் மேல் கை வைக்கப் போகிறவர்கள் நாம்தாம். கை வைக்குமுன் சிறிது சிந்திப்பது நன்று.

முதலில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930ஆம் ஆண்டில் காருக்கென்று ரேடியோ செய்து விற்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் மோட்டரோலா; பின்னாளில் அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று. 1932இல் ஜெர்மனியின் பிளாபங்க்ட் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைச் செய்தது. அதன் எடை சுமார் 15 கிலோ! வால்வுகளால் இயங்கிய அக்கருவிகள் சூடேறிப் பேசத் தொடங்குவதற்கே அரை நிமிடம் ஆகும். 1955இல் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோ கிறைஸ்லர் வண்டிகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் காருக்குள் இசைத்தட்டுச் சுழலும் கருவியையே அமைத்துப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. 1965இல் ஃபோர்டு வண்டிகளில் எட்டுத்தட நாடா வந்தது. அதன் பின் காசெட் வந்தது. 1984இல் குறுந்தகடு வந்தது. இன்று இவற்றுள் எதுவும் புதுக் கார்களில் இல்லை எனலாம். புளூடூத்தும் தொடுதிரையும் ஆட்சி செய்கின்றன.

இவ்வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன். இப்போது இரு கட்சியாரின் வாதங்களையும் கேட்போம்.

பழமைக் கட்சியார் சொல்வதாவது: "வண்டி என்பது ஒரு காலத்தின் சாட்சி. அதன் குமிழும், அலைவரிசை எழுதிய கண்ணாடியும், முள்ளும் எல்லாம் சேர்ந்ததே அந்த வண்டி. ஒன்றை மாற்றினால் சாட்சி பொய்யாகிவிடும்." இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் இவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பழைய ரேடியோவிற்குள் இருக்கும் கண்டென்சர்கள் காலத்தால் உலர்ந்துவிடுகின்றன. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு நொறுங்கிவிடுகிறது. பாடுகின்ற பழைய ரேடியோ ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் புதுப் பாகம் வைத்திருக்கிறார். அதுமட்டுமன்று; நம் நாட்டில் அந்நாளைய கார்களுள் பெரும்பாலானவை ரேடியோ இல்லாமலேயே ஆலையிலிருந்து வெளிவந்தன. பணம் உடையவர் பின்னர் கடையில் வாங்கிப் பொருத்திக்கொண்டார். அப்படியானால், 'அசல்' என்று நாம் தொழும் ரேடியோவே ஒரு காலத்தில் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிதானே?

புதுமைக் கட்சியார் சொல்வதாவது: "வண்டி ஓட்டுவதற்கு, ரேடியோ கேட்பதற்கு. பழைய ரேடியோவில் மத்திய அலை மட்டுமே கேட்கும்; அதுவும் இரைச்சலோடு. எங்களுக்கு வேண்டிய பாட்டை வேண்டிய போது கேட்க விரும்புகிறோம். இதில் என்ன குற்றம்?" குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இவர்கள் கடையில் வாங்கி வரும் கருவி பழைய வண்டியோடு எப்படிக் குடித்தனம் நடத்தும் என்பதைப் பார்க்க வேண்டாமா?

மின்சாரக் கணக்கு ஒன்று பார்ப்போம். அந்நாளைய வண்டியின் டைனமோ நல்ல ஓட்டத்தில் ஏறத்தாழ 20 ஆம்பியர் கொடுக்கும். 12 வோல்ட்டில் அது 240 வாட். 45 வாட் வீதம் முன்விளக்கு இரண்டும் எரிந்தால் ஏழரை ஆம்பியர் போய்விடும். பற்றவைப்பு, பின்விளக்கு, மழைத்துடைப்பான் எல்லாம் எஞ்சியதில் பங்கு கேட்கும். இதில் நூற்றுக்கணக்கான வாட் விழுங்கும் பெருக்கியைப் பூட்டினால், சிவப்பு விளக்கில் நின்று டைனமோ சோர்ந்திருக்கும் வேளையில் பாட்டரிதான் பழியாகும். மேலும், பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கருவிகளோ எதிர்முனை இணைந்த வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. இதைப் பாராமல் கம்பியை இணைத்தால், புதுக் கருவி ஒரு பாட்டும் பாடாமலே உயிர்விடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பழைய ரேடியோ இரண்டு குமிழ்த் தண்டுகளால் டேஷ்போர்டைப் பற்றியிருக்கும். இன்றைய கருவிக்கோ சுமார் 18 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நீள்சதுர வாயில் வேண்டும். அதற்காக இரும்புத் தகட்டை அறுக்கிறார்கள். நான்கு ஒலிபெருக்கிகளுக்காகக் கதவுகளின் உட்பலகையில் வட்ட வட்டமாக வெட்டுகிறார்கள். முன்னே நான் சொன்ன பாடம் இதுதான். 1980களில் காசெட்டுக்காக அறுத்தவர் இருக்கிறார். அவருக்குப் பின் குறுந்தகட்டுக்காக மேலும் அறுத்தவர் இருக்கிறார். காசெட் போயிற்று, குறுந்தகடும் போயிற்று. அறுத்த வாய் மட்டும் போகவில்லை. இன்றைய தொடுதிரையும் பத்தாண்டில் பழங்கதையாகும். கருவியின் ஆயுள் பத்தாண்டு. ஓட்டையின் ஆயுளோ வண்டியின் ஆயுள்.

ஆகவே என் துணிபு இது: பழையதா புதியதா என்பது கேள்வியே அன்று. செய்ததை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பதே கேள்வி. முடியுமானால் தாராளமாகச் செய்யலாம். முடியாதெனில் எவ்வளவு இனிய இசைக்காகவும் செய்யலாகாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. பழைய வாகனங்களைப் பேணுவோரின் அனைத்துலகக் கூட்டமைப்பு 1966இல் தோன்றியது. அது வகுத்துள்ள டூரின் சாசனமும், தேவைப்பட்டுச் செய்யும் மாற்றம் மீட்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றே வற்புறுத்துகிறது. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ரேடியோவைப் பற்றி அவ்விலக்கணத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் இது சட்டத்தின் பொறுப்பன்று, உடையவரின் மனச்சாட்சியின் பொறுப்பு என்கிறேன்.

"சொல்வது எளிது, செய்வது எப்படி?" என்பீர்கள். நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் 1967ஆம் ஆண்டு அம்பாசிடர் இருக்கிறது. அதில் அவர் தந்தையார் பொருத்திய ரேடியோவும் இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாக ஊமை. அதை எடுத்தெறியச் சொல்லி மகள் நின்றாள். தொடவே கூடாதென்று தந்தை நின்றார். மின்பொறியியல் படிப்பவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டனர். நான் சொன்னது குறைவு. சாந்தினி சௌக்கில் உள்ள ஒரு முதிய ரேடியோ மிஸ்திரி செய்ததே மிகுதி. அவர் ரேடியோவைத் திறந்து, உலர்ந்த கண்டென்சர்களை மாற்றி, அது மீண்டும் மத்திய அலையைப் பிடிக்கச் செய்தார். பிறகு கைப்பேசியின் பாட்டை வாங்கிக்கொள்ளும் சிறு பலகை ஒன்றை உள்ளே காலியாயிருந்த மூலையில் திருகி வைத்து, ரேடியோவின் ஒலிப்பெருக்கும் பகுதியோடு இணைத்தார். வெளியில் ஒரு குமிழும் மாறவில்லை. ஒரு துளையும் புதிதாக விழவில்லை. கழற்ற வேண்டுமானால் இரண்டு திருகும் மூன்று கம்பியும்தான். ஒலிபெருக்கி பழைய ஒற்றை ஒலிபெருக்கியே. ஆனால் அம்பாசிடரின் எஞ்சின் ஓசைக்கும் ஜன்னற் காற்றுக்கும் நடுவே அதற்கு மேல் நுட்பமான ஒலியை யார் பிரித்தறியப் போகிறார்கள்? தந்தைக்கு ரேடியோ கிடைத்தது. மகளுக்குப் பாட்டுக் கிடைத்தது.

வேறு வழிகளும் உண்டு. தனிக் கருவியை இருக்கைக்கு அடியிலோ சாமான் பெட்டியிலோ மறைத்து வைக்கலாம்; ஒலிபெருக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பின்தட்டில் நிறுத்தலாம். 2020இல் போர்ஷே நிறுவனமே தன் பழைய வண்டிகளுக்கென்று, பழைய ரேடியோவின் இடத்தில் தகட்டை அறுக்காமல் அமரும் புதிய கருவியை வெளியிட்டது. அறுக்காமல் வாழ வழி இருக்கிறது. தேடும் பொறுமைதான் வேண்டும்.

"பழைய முகத்தின் பின்னே புதிய குரலை ஒளித்து வைப்பது ஏமாற்று அல்லவா?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். செய்ததை மறைத்து, அசல் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்றுதான். என்ன செய்தோம், எந்த ஆண்டு செய்தோம், கழற்றிய பாகங்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்று ஒரு தாளில் எழுதி வண்டியின் காகிதங்களோடு வைத்துவிட்டால், அதில் ஏமாற்று எங்கே?

இதில் அவசரமும் உண்டு. விவித பாரதி 1957இல் பிறந்தது. நம் நாட்டின் முதற் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. அதுவரை இந்தியக் காரின் ரேடியோ கேட்டதெல்லாம் மத்திய அலையும் சிற்றலையுமே. இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுக்காக முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திய தலைமுறை நம் பாட்டன்மார் தலைமுறை. இரவானால் மத்திய அலை மேல்வளி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நெடுந்தொலைவிலுள்ள நிலையத்தையும் கொண்டுவந்து தரும். நாம் வகுப்பில் படம் வரைந்து படிப்பதை அவர்கள் நெடுஞ்சாலையில் காதால் அறிந்தனர். அண்மை ஆண்டுகளில் வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல ஊர்களில் ஓய்ந்துவிட்டன. நார்வே நாட்டில் 2017இல் தேசியப் பண்பலை ஒலிபரப்பே நின்றுபோயிற்று. வானில் அலை ஓய்ந்த பின், பழுதில்லாத பழைய ரேடியோவும் வெறும் இரைச்சலைத்தான் தரும். அப்போது அதைத் தூக்கி எறியச் சொல்லும் குரல் இன்னும் வலுக்கும். அதற்குள் ஒரு சிறு பலகை இருந்து அது பாடிக்கொண்டிருக்குமானால், எறிய யாருக்கும் மனம் வராது. புதிய குரல் பழைய ரேடியோவுக்குப் பகையன்று. பல வேளைகளில் அதுவே காவல்.

ஓய்வது அலை மட்டுமன்று; அதைச் செப்பனிடும் கையும்தான். சாந்தினி சௌக்கில் பழைய ரேடியோவைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களைக் கேட்டு விசாரித்தபோது எனக்குச் சுட்டிக் காட்டப்பட்டவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர், எல்லாரும் முதியவர். ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம். பொங்கல் விழா எடுக்கிறோம். அவற்றோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுள் ஒருவரை அழைத்து வந்து, ஒரு பழைய ரேடியோவை நம் கண்முன் திறந்து உயிர்ப்பிக்கச் செய்வோம். அவருக்குத் தக்க கூலியும் கொடுப்போம். பொறியியல் படிப்போர் குறிப்பெடுக்கட்டும். ஏனையோர் கேள்வி கேட்கட்டும்.

விடுமுறைக்கு ஊர் சென்று, கொட்டகையில் நிற்கும் வண்டியின் உறையை நீக்கும் நண்பர்களே! புதிய பாட்டைக் கேளுங்கள்; யார் தடுத்தார்? ஆனால் வாளை மட்டும் எடுக்காதீர்கள். அந்த வண்டி நமக்கு முன்னே ஒருவரிடம் இருந்தது. நமக்குப் பின்னே ஒருவரிடம் போகும். வருகிறவருக்கும் தேர்ந்தெடுக்க உரிமை வேண்டும்.