ஊசிக்குப் பின் ஐந்து நிமிடம்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பலர் துணியிற் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். பிள்ளையின் கிளினிக் அட்டை அந்தப் பொட்டலங்களில் எத்தனையில் இருந்திருக்கும்? உறுதி எதற்கென்று எமது மக்களுக்குத் தெரியும். கிளினிக் அட்டை எதற்கென்று அவர்களுக்கு விளங்கும்படி சொல்லியவர்கள் குறைவு. இக்கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது.

எமது நாட்டின் தடுப்பூசித் திட்டத்தை நான் குறைகூற வரவில்லை. 1978இல் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டத்தினால் 1993க்குப் பின்னர் இலங்கையில் ஒரு பிள்ளையேனும் இளம்பிள்ளைவாதத்தால் முடமாகவில்லை. யுத்தம் நடந்த ஆண்டுகளிலும், 1995 முதல், சொட்டு மருந்து கொடுக்கும் தினங்களில் இரு தரப்பினரும் துப்பாக்கிகளை ஓயவைத்தார்கள். ஆனால் இத்திட்டத்தின் முதுகெலும்பு குடும்பநல உத்தியோகத்தர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்பது அவருக்கு மனப்பாடம். ஊரே எழும்பி நடக்கும்போது அவரும் ஒரு அகதியாகிவிடுகிறார். அவருடைய பதிவேடு எங்கேயோ கிடக்கும். அப்போது குடும்பத்தோடு கூட நடப்பவை இரண்டுதான்: ஒன்று அந்த அட்டை, மற்றது தாயின் தலைக்குள் இருக்கும் விளக்கம். ஆகவே இடம்பெயர்ந்தவர்களைப் பொறுத்தமட்டில் தாதி சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது என் அபிப்பிராயம். நேரம் மிஞ்சினால் செய்யும் உபகாரமாக அதைக் கருதக்கூடாது.

ஏற்பு வலியை எடுத்துக்கொள்வோம். அதன் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வருடக்கணக்காக உறங்கிக் கிடக்கும். மண்வெட்டி காலில் பட்டதும் காயத்துக்குக் கோப்பித்தூளோ சாம்பலோ அப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "மருந்து கட்டியாச்சு, ஊசி போட்டாச்சு, போங்கோ" என்று சொல்லி அனுப்புவதுடன் எமது விடுதிகளில் அலுவல் முடிந்துவிடுகிறது. ஏற்பு வந்து பிழைத்தவருக்குக்கூட அந்த நோயினால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை, ஊசியினால் மட்டுமே உண்டாகும் என்பதை யாராவது சொல்கிறார்களா? அந்தச் சக்தியும் காலம் போகப் போகக் குறைந்துவிடும். கர்ப்பிணிக்குப் போடும் ஏற்பூசி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளையையும் காக்கிறது. இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

சின்னமுத்து ஊசி ஏன் பிறந்தவுடன் போடப்படுவதில்லை என்று தாய்மார் கேட்பதுண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் முதல் மாதங்களில் பிள்ளையின் இரத்தத்தில் இருந்து ஊசி மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். அது குறைந்த பிறகு, ஒன்பது மாதமளவில் போடுவதே பலன் தரும். காரணம் தெரிந்த தாய் நாளைத் தவறவிடமாட்டாள். 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 2023இல் அது திரும்பவும் வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில், யாழ்ப்பாணம் உட்பட, ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கே மேலதிக ஊசி போடவேண்டியதாயிற்று. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டிருந்தால்தான் இந்த நோய் ஊருக்குள் பரவ வழியற்றுப் போகும். இடம்பெயர்வினால் ஊசி தவறியவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இதைத் தெரியாமல், ஏச்சு விழுமென்று பயந்து கிளினிக்கை விட்டவர்கள் உண்டு. மிஸ்ஸிமார் ஏசுவதை நிறுத்தினாலே பாதிப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்பேன்.

தண்ணீர் விடயத்தில் உபதேசம் வாய்ப்பாடாகிவிட்டது. "கொதித்தாறிய நீரைக் குடியுங்கள்." நல்லது, விறகுக்கு எங்கே போவது? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு முகாம்களில் இருந்த குடும்பங்களுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு கிணறு, பக்கத்திலேயே மலசலகூடம். எமது நிலத்தின் அடி சுண்ணாம்புக்கல். மணலில் வடிந்து சுத்தமாகும் நீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக வடிபடாமலே கிணற்றுக்குப் போய்விடும். அகதிகளுக்கான சர்வதேச நியமம் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீற்றர் கேட்கிறது. சுண்ணாம்பு நிலத்தில் அதற்கும் கூட வேண்டும். முகாமில் அதற்கு இடமேது? 2009இல் வவுனியா முகாம்களில் செங்கமாரி பரவியதற்கு நெருக்கமும் நீரும் கழிவும் காரணமாயின. சிறு பிள்ளைகளில் இந்தச் செங்கமாரி பெரும்பாலும் வெளியே தெரியாது. பெரியவர்களைத்தான் படுக்கையில் போடும். ஆகவே சுகமாய்த் திரியும் பிள்ளையின் மலத்தையும் ஒழுங்காக அகற்ற வேண்டும், கழுவிய கையைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும் என்று சொல்லும் தாதி, கூடவே கிணற்றுக்குக் குளோரின் போடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை யார் கூப்பிடுவது என்றும் சொல்ல வேண்டும். செய்ய இயலாததைச் சொல்லிவிட்டுப் போவது கற்பித்தலாகாது.

மொழியையும் பார்க்க வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். இன்று எமக்கு வரும் துண்டுப்பிரசுரங்களில் "நிர்ப்பீடனம்" என்று அச்சடித்திருக்கிறது. பாடசாலைப் பிள்ளைக்கு அது விளங்கும். தோட்டக்காரத் தாய்க்கு "நோயைத் தாங்கும் சக்தி" என்றால்தான் விளங்கும். சொல்லி முடித்ததும் "விளங்கிச்சுதோ?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "அம்மா, வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்கள், ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்க வேண்டும். தாதியருக்கு வேலைச்சுமை அதிகம் என்பதை நான் அறிவேன். ஆனால் செங்கமாரியோடு திரும்பி வரும் குடும்பத்தைப் பார்ப்பதற்குச் செலவாகும் நேரம் அதிலும் அதிகம்.

2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின், குடாநாட்டில் காய்ச்சலோடு வந்து சிலர் இறந்தார்கள். எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலிருந்து காலிலுள்ள கீறல் வழியாகக் கிருமி ஏறும். இதற்கு எமது நாட்டில் தடுப்பூசி போடுவதில்லை; வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது ஆகாது. காலபோகத்துக்கு வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். இறங்கிய பின்னர் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்த்திருக்க வேண்டாம். வைத்தியசாலைக்குப் போய், வயலில் நின்றதையும் சொல்லுங்கள்.