பட்டறையில் செய்ததற்கு என்ன மதிப்பு?

படிவம் இரண்டில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பயிலும் மாணவர்களுக்கு அக்வாபோனிக் ஒரு பாடப்பகுதி. கீழே ஒரு தொட்டியில் திலாப்பியா, மேலே கங்கோங், இடையில் சின்ன நீரேற்றி. மீன்கழிவில் உள்ள அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றினால்தான் கீரை தழைக்கும். தொட்டி அமைத்த தொடக்க வாரங்களில் அந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகியிருக்காது. அவசரப்பட்டு நிறைய மீன் விட்டால் செத்து மிதக்கும். ஏன் செத்தது என்று தேடி, மீன்களைக் குறைத்து, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, மறுபடி தொடங்குகிற குழுதான் வடிவமைப்பைக் கற்ற குழு. ஆண்டு இறுதியில் அதே குழுவின் முன் ஒரு தாளை வைத்து, அமைப்பின் பாகங்களுக்குப் பெயர் எழுதச் சொன்னால், தொட்டிப் பக்கமே போகாமல் பயிற்சி நூலை மனனம் செய்தவரும் அதே மதிப்பெண்ணை வாங்கிவிடுவார்.

மலேசியாவில் 2027-இல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் வருகிறது. பாடநூல் எப்படி இருக்கும், எத்தனை பாடவேளை கிடைக்கும் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் நம் பாடத்தின் தலையெழுத்தை முடிவு செய்யப்போவது மதிப்பீடு. எது மதிப்பிடப்படுகிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும் என்பது படிவம் மூன்றின் பழைய பொதுத்தேர்வான பி.எம்.ஆர். காலத்திலிருந்து பாடம் நடத்துகிறவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

கடந்துவந்த வழியைப் பார்த்தால் இது புரியும். வாழ்வியல் திறன் பாடமாக இருந்த காலத்தில் பி.எம்.ஆரில் எழுத்துத் தேர்வோடு செய்முறைப் பணிக்கும் இடம் இருந்தது. மரம் அறுத்தார்கள், ஈயம் உருக்கி மின்கம்பி இணைத்தார்கள், துணி தைத்தார்கள். 2013-உடன் பி.எம்.ஆர். முடிந்து, 2014-இல் அதன் இடத்துக்கு பி.டி.3 வந்தது. 2017-இல் படிவம் ஒன்றில் புதிய கலைத்திட்டம் தொடங்கியபோது வாழ்வியல் திறன் போய், ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ வந்தது. கணினி வசதியுள்ள பள்ளிகளில் அதற்கு மாற்றாக ‘அடிப்படைக் கணினி அறிவியல்’ வந்தது. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தின் முதல் அணி 2019-இல் பி.டி.3 எழுதியது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் கோவிட் காரணமாகத் தேர்வு இல்லை. 2022 ஜூனில் கல்வி அமைச்சு பி.டி.3-ஐ அடியோடு நீக்கியது. ஆக, புதிய பாடத்தைப் படித்து நாடு தழுவிய தேர்வை எழுதியவர்கள் அந்த ஓர் அணியினர் மட்டுமே.

அந்த நீக்கத்தை நான் அன்றும் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். இனி பட்டறைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று நம்பினோம். கையில் இருந்தது வகுப்புசார் மதிப்பீடு: ஆறு அடைவுநிலைகள், ஆண்டு முழுதும் ஆசிரியரே கண்ணால் பார்த்துத் தரும் தீர்ப்பு. கருவி நல்ல கருவி. ஆனால் 2023 தொடக்கத்தில் கல்வியாண்டு இறுதித் தேர்வு நடைமுறைக்கு வந்ததும் காற்று திசைமாறியது. பெற்றோர் கேட்பது ஏ-யா பி-யா என்றுதான்; நான்காம் அடைவுநிலை, ஐந்தாம் அடைவுநிலை என்று சொன்னால் முகம் பார்க்கிறார்கள். ஆண்டின் கடைசி வாரங்களில் பட்டறைக் கதவு சாத்தப்படுகிறது, பழைய கேள்வித்தாள்கள் நகலெடுக்கப்படுகின்றன.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடைவுநிலையை அவர்கள் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. பாகானில் ஒரு பள்ளியின் ஐந்தும் மாக் மண்டினில் ஒரு பள்ளியின் ஐந்தும் ஒன்றுதானா? பள்ளிக்குள் பாடக்குழு கூடி ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. ஆனால் பல பள்ளிகளில் இந்தப் பாடத்துக்கு ஒருவரோ இருவரோதான் ஆசிரியர். அவர்களிலும் வேறு துறையில் பயிற்சி பெற்று, கால அட்டவணையின் இடைவெளியை நிரப்ப வந்தவர்கள் இருக்கிறார்கள். தனியாளாக நின்று ஒருவர் தரும் தீர்ப்பு, எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், பக்கத்துப் பள்ளிக்குச் செல்லுபடியாகாது. நமக்குள்ள ஓட்டை இதுதான். இதை அடைக்காவிட்டால் 2027-க்குப் பிறகும் எழுத்துத் தாளே ஆட்சி செய்யும்.

அடைக்க வழி இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வியில் செய்முறையை எப்படி நம்பகமாக மதிப்பிடுவது என்ற கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் ரிச்சர்ட் கிம்பெல். 1980-களின் இறுதியில் அவர் குழு, பதினைந்து வயது மாணவர் சுமார் 10,000 பேரின் வடிவமைப்புத் திறனை ஆராய்ந்தது. பின்னர் 2000-களில் ‘ஈ-ஸ்கேப்’ என்ற திட்டத்தில், மாணவர்கள் இரண்டு காலைப்பொழுதுகளில் ஆறு மணி நேரம் ஒரு வடிவமைப்புப் பணியைச் செய்தார்கள். மின்விளக்கு வைத்து விற்கும் அட்டைப்பெட்டியை, விளக்கை எடுத்த பிறகு அதுவே ஓர் அலங்கார விளக்காக மாறும்படி வடிவமைக்க வேண்டும். முதல் கிறுக்கல், இடையில் எடுத்த படம், பேசிய குரல், மாற்றிய முடிவு எல்லாம் கையடக்கக் கருவியில் பதிவாயின. பிறகு நடுவர்கள் மதிப்பெண் போடவில்லை. இரண்டு மாணவர்களின் தொகுப்புகளைப் பக்கத்தில் வைத்து, இரண்டில் எது மேல் என்று மட்டும் சொன்னார்கள். பல நடுவர்கள், பல இணைகள். அந்தத் தீர்ப்புகளிலிருந்து தரவரிசை கணக்கிடப்பட்டது. உளவியலாளர் தர்ஸ்டன் 1927-இல் வகுத்த ஒப்பீட்டு விதிதான் இதன் அடிப்படை. ஒரு வேலைக்கு நூற்றுக்கு எத்தனை என்று சொல்வதில் ஆசிரியர்கள் முரண்படுவார்கள். இரண்டில் எது மேல் என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். ஒரு வேலையைப் பல கண்கள் பார்ப்பதால் ஒருவரின் தாராளமும் ஒருவரின் கறாரும் கரைந்துவிடும்.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. செபராங் பிறை வட்டாரத்தில் ஏழெட்டுப் பள்ளிகள் சேர்ந்தால் போதும். ஒவ்வொரு பள்ளியும் படிவம் இரண்டிலிருந்து ஐந்து மாணவரின் வேலையைக் கைப்பேசிப் படங்களாகக் கொண்டுவரட்டும், தோற்ற முயற்சிகள் உட்பட. ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்து இணை இணையாகப் பார்த்தால், ‘ஐந்து’ என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் கையில் மாதிரிகள் இருக்கும். ஆவணத்தில் உள்ள விளக்க வரிகளை எத்தனை முறை படித்தாலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும். சனிக்கிழமையைக் கேட்பது பெரிய கேள்வி என்று தெரியும். தரவுப் பதிவிலும் அறிக்கையிலும் கரைகிற நேரத்தில் ஒரு பகுதியை இதற்கென விடுவித்துத் தருவது மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கடமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்காகவும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்காம் ஆண்டிலிருந்தே அவர்கள் இந்தப் பாடத்தைத் தமிழில் படித்து, கையால் செய்து பழகியவர்கள். இடைநிலைப்பள்ளியில் பாடம் மலாய்க்கு மாறுகிறது. மலாயில் அவர்கள் தேற வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் மின்சுற்றைச் சரியாக இணைத்து விளக்கை எரியவைத்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, அதை எழுத்தில் விளக்கும் கேள்வியில் தடுமாறினால், தாள் அளந்தது மொழியைத்தான். செய்த வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மதிப்பீட்டில் அந்தப் பிள்ளைக்கு உரிய இடம் கிடைக்கும்.

நாட்டின் தேவையும் இதையே கேட்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியதிலிருந்து பினாங்கு மின்னணுத் தொழிலை நம்பி வாழ்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறையிலும் மாக் மண்டினிலும் நம் மாணவர்களின் பெற்றோர் பலர் வேலை பார்க்கிறார்கள். 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்குவோம் என்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் இன்று படிவம் ஒன்றிலும் இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தும் பழக்கம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ.யில் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு பாதி, மாணவர் செய்யும் திட்டப்பணி பாதி. படிவம் ஐந்தில் எழுதும் நம் எஸ்.பி.எம்.மிலேயே ‘ரேக்கா சிப்தா’ (புத்தாக்கம்) பாடத்தில் செய்முறைப் பணி இருக்கிறது. மேல்படிவத்தில் முடிவது கீழ்ப்படிவத்தில் ஏன் முடியாது? 2027 கலைத்திட்டத்தின் ஆண்டிறுதித் தரநிலையில் செய்முறைக்குக் குறைந்தது பாதி இடம் என்பதே இந்த இதழின் கோரிக்கை. பள்ளிகளுக்கிடையே ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாமல் கேட்டால் அமைச்சு மறுக்கும், மறுப்பதும் நியாயம். ஆகவே முதலில் நாம் செய்துகாட்டுவோம்.

அடுத்த இதழுக்கு ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு மாணவரின் ஒரு வேலையை அனுப்புங்கள். முதல் வரைபடம், சொதப்பிய நிலை, இறுதி வடிவம் என மூன்று படங்கள், நீங்கள் தந்த அடைவுநிலை, அதற்கு நான்கு வரிக் காரணம். மாணவர் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். அடைவுநிலையை மறைத்துப் படங்களை வெளியிடுகிறோம். மற்ற ஆசிரியர்கள் என்ன தருகிறார்கள் என்று பார்ப்போம்.