வசனம் முந்தியா, செவி முந்தியா?

நமது தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் "ஆலோசனை" என்னும் பெயரால் நடந்துவரும் ஒரு காரியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. போதகர்மாருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

நான் கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் கிராணி. செக்ரோல் எழுதுவதே உத்தியோகமாயினும், ஜனங்கள் தங்கள் துயரத்தைக் கொண்டுவந்து கொட்டுமிடமும் என் மேஜைதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரி கன்னம் வீங்கி வந்து நின்றாள். புருஷன் சம்சுவைக் குடித்துவிட்டு அடித்தானாம். நாங்கள் ஒரே சபையினராகையால், "நம்ம போதகரைப் போய்ப் பாருங்க, அக்கா" என்றேன். போனாள். கால்மணி நேரத்திற்குள் அவளுக்குக் கிடைத்தவை: மனைவி கீழ்ப்படிய வேண்டுமென்னும் உபதேசம், ஒரு ஜெபம், மூன்று நாள் உபவாசம். எத்தனை காலமாக அடிக்கிறான், பிள்ளைகள்மேல் கைவைக்கிறானா, இன்றிரவு எங்கே படுப்பாய் என்று ஒரு கேள்வியுமில்லை. மறுவாரம் கை முறிந்து வந்தாள். "கீழ்ப்படிஞ்சுதான் பார்த்தேன், ஐயா" என்றாள். அவளை அனுப்பியவன் நானன்றோ!

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். மனைவிமாருக்கு மூன்று வசனங்கள். புருஷருக்கோ அதனினும் இருமடங்குக்கு மேல். அப்பெரும் பங்கைக் குடிகாரப் புருஷனை உட்காரவைத்து வாசித்துக் காட்டியவர் எவர்? அடி வாங்கினவளுக்கே வசனமும்! இந்நாட்டில் 1994-ஆம் ஆண்டிலேயே குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டதும், போலீசில் புகார் கொடுத்துப் பாதுகாப்பு உத்தரவு பெற வழியுண்டென்பதும் அவள் காதில் போடப்படவில்லை.

"வேதம் போதாதா? மனநூல் எதற்கு?" என்று கேட்கிறார்கள். இது நம்மவர் கண்டுபிடித்த கேள்வியன்று. அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970-இல் ஒரு நூலெழுதி, உடல் நோயால் வராத மனத்துயரங்களுக்குப் பெரும்பாலும் பாவமே வேரென்றும், வேதங்கொண்டு கண்டித்துத் திருத்துவதே வைத்தியமென்றும் வாதாடினார். ஆங்கிலம் படித்த மிதப்பில் நானும் ஒரு காலத்தில் அவ்வாதத்தை மெச்சியவனே.

ஆனால் வேதம் காட்டுவது யாது? எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாவை வேண்டியபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மற்றப் பேச்செல்லாம் அவன் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பின்புதான்; அங்கேயும் முதலில் வந்தது கேள்வியே. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இராப்பகலாய்த் தரையில் வாய்பேசாது உட்கார்ந்திருந்தவரை உத்தமர்கள். "உன் பாவமே காரணம்" என்று உபதேசிக்கத் தொடங்கியபின்னரே கடவுளின் கோபத்துக்கு ஆளாயினர். வேதமே போதுமென்போர் அவ்வேதத்தையாவது முழுதும் படிக்கலாகாதா?

1953-இல் லண்டனில் சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கன் குரு, உயிரை வெறுத்தோர்க்குத் தொலைபேசியில் செவிகொடுக்கும் சமாரியர் இயக்கத்தைத் தொடங்கினார். அழைத்தவரிடம் தொண்டர் எவரும் தம் மதத்தைப் புகுத்தலாகாதென்பது அதன் விதி. குருவானவர் இட்ட விதி, ஐயா! 1970-இல் ஏற்பட்ட கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் சங்கமும் அந்நெறியையே கைக்கொள்கிறது. மேலும், 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகரெனக் கூறிக்கொள்ளலாகாது. பலகை மாட்டியிருப்போர் கவனிப்பாராக.

பிரிக்பீல்ட்ஸில் நடக்குந்தூரத்திற்குள் எத்தனை தமிழ்ச் சபைகள்! ஆண்டுவிழாப் பந்தல் செலவில் ஒரு பங்கை ஒன்றுசேர்த்தால், தமிழ் பேசும் பதிவுபெற்ற ஆலோசகப் பெண்மணி ஒருவரை அமர்த்த முடியாதா? வாரம் ஒருநாள் அவர் கிள்ளானுக்கும் வந்து போகட்டும். வேதத்தை வாசலில் நிறுத்தச் சொல்லவில்லை. துயருற்றவளே கேட்பாளாகில், புலம்பற் சங்கீதங்களை எடுத்துக் கொடுங்கள். தேவனோடேயே வழக்காட அவை இடங்கொடுக்கின்றனவே!

அச்சகோதரி இப்பொழுது பிள்ளைகளோடு கிள்ளானில் தன் தமக்கை வீட்டில் இருக்கிறாள். கோயிலுக்குப் போவதில்லை. போகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.