துப்பாக்கி முனையில் தண்ணீர் மீட்டர்!

'வராத தண்ணிக்கு எதுக்குக் காசு?' குடிநீர்க் கட்டணம் ஏறும்போது எந்த ஊரிலும் எழுகிற கேள்வி இது. 1993-ல் இதைக் கேட்க எல்லா உரிமையும் இருந்தவர்கள் கம்போடியாவின் தலைநகரான புனோம் பென் மக்கள்.

அங்கே தயாரான ஒவ்வொரு 100 லிட்டரிலும் 72 லிட்டருக்குக் கணக்கே இல்லை. ஒரு பகுதி ஓட்டைக் குழாய்களில் ஒழுகியது, இன்னொரு பகுதி திருட்டு இணைப்புகளில் போனது. நகரத்தில் கால்வாசிப் பேருக்குத்தான் குழாய் இணைப்பு. அதிலும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான் தண்ணீர். அதுவும் மேலே ஏறாது. வாசலில் பள்ளம் தோண்டி, தரைக்குக் கீழே இருந்த குழாயிலிருந்து மொண்டார்கள். இணைப்பு இல்லாத ஏழைகள் தண்ணீர் விற்பவர்களிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள்.

இந்த நிலைக்குக் காரணம் நிர்வாகக் கோளாறு மட்டுமல்ல. 1975-ல் கெமர் ரூஜ் படை நகரத்தையே காலி செய்ய வைத்தது. படித்தவர்கள், பொறியாளர்கள் பலர் உயிரோடு திரும்பவில்லை. 1979-க்குப் பிறகு மக்கள் திரும்பி வந்தபோது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

1993-ல் குடிநீர் ஆணையத்தின் பொறுப்புக்கு வந்தவர் ஏக் சொன் சான். அவர் கையில் வந்த வாடிக்கையாளர் பட்டியலே கேலிக்கூத்து. பட்டியலில் இருந்த பலர் ஊரிலேயே இல்லை. தண்ணீர் பிடித்த பலர் பட்டியலில் இல்லை. போட்ட பில்லில் பாதி கூட வசூலாகவில்லை. திருட்டு இணைப்பு கொடுத்துக் காசு பார்த்தவர்களில் ஆணையத்தின் ஊழியர்களும் உண்டு.

முதலில் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் மீட்டர். அரசு அலுவலகங்களும் தப்பவில்லை. திருட்டு இணைப்பைக் காட்டிக் கொடுத்தால் பரிசு. உடந்தையாக இருந்த ஊழியருக்கு வேலை போகும்.

பெரிய மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு ராணுவத் தளபதியின் வீட்டில் மீட்டர் வைக்க விடவில்லை. சான் நேரில் போனார். தளபதி துப்பாக்கியை எடுத்து அவர் தலைக்கு நேரே நீட்டினார். சான் திரும்பிப் போய், ஆயுதம் ஏந்திய ராணுவப் போலீசாரோடு வந்து இணைப்பைத் துண்டித்தார். மனிதருக்கு நெஞ்சழுத்தம்தான்!

கசிவை அடைப்பது இதைவிடக் கஷ்டம். பழைய குழாயில் அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டையும் பெரிதாகும். குறைத்தால் மாடிக்கு ஏறாது. அடியோடு நிறுத்தினாலோ, காலியான குழாய் அதே ஓட்டை வழியாகச் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே குழாய்களை மாற்றுவது தவிர வழியில்லை. அதற்குப் பணம்? பிரான்ஸ், ஜப்பான், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி என்று பல கைகள் உதவின. குழாய் மாறியதும் நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்தார்கள். ஊரே தூங்கும் நடுராத்திரியில் ஒரு பகுதிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால், அங்கே எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கண்டுபிடிக்கவும் அடைக்கவும் இராப்பகலாக ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

கடனாக வந்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டணத்தை ஏற்றாமல் முடியாது. ஆனால் ஒரேயடியாக ஏற்றவில்லை. மூன்று படிகளாகத் திட்டமிட்டார்கள். முதல் உயர்வு 1997-ல், அடுத்தது 2001-ல். குறைவாகச் செலவழிப்பவருக்குக் குறைந்த விலை. மாதம் 7,000 லிட்டருக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு 1,000 லிட்டர் 550 ரியல். அன்றைய கணக்கில் நம் ஊர்ப் பணம் ஆறு, ஏழு ரூபாய்தான். ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் 30 சதவீதம் முதல் முழுவதும் வரை சலுகை. தண்ணீர் விற்பவரிடம் கொடுத்ததோடு ஒப்பிட்டால், உயர்ந்த கட்டணமே அவர்களுக்கு லாபம்!

சில ஆண்டுகளில் 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 72 சதவீத இழப்பு சுமார் 6 சதவீதமானது. லண்டனில் இன்றும் ஏறக்குறைய கால்வாசித் தண்ணீர் வழியிலேயே போகிறது என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். 2006-ல் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது.

அந்த மூன்றாவது கட்டண உயர்வு? 2004-ல் வர வேண்டியது. ஆனால் ஒழுகுவது நின்று, பில் போட்டதெல்லாம் வசூலானதில், செலவு போக மிச்சமே இருந்தது. அந்த உயர்வு அமலுக்கு வரவே இல்லை.