முழங்கால் மூட்டும் மூன்று மாதக் கூலியும்

"மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் நமது மக்களிடையே இரண்டு விதமான பேச்சுக் கிளம்புகிறது. காலை அறுத்துவிட்டு இரும்புக் காலைப் பொருத்திவிடுவார்கள், படுத்தவர் எழுந்திருக்கவே மாட்டார் என்பது ஒரு பேச்சு. இன்று ஆபரேஷன், நாளை நடை, மறுநாள் வீடு என்று சுவருக்குச் சுவர் தனியார் ஆஸ்பத்திரிகள் எழுதி வைத்திருப்பது இன்னொன்று. முதலாவது வெறும் பீதி. இரண்டாவது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் நாம் இங்கே கூற விரும்புகிறோம்.

ஆபரேஷனில் நடப்பது என்ன? காலை யாரும் எடுப்பதில்லை. மூட்டு முழுவதையும்கூட எடுப்பதில்லை. சொத்தைப் பல்லைச் சீவி உறை போடுகிறார்களே, ஏறத்தாழ அது போன்ற வேலைதான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, முழங்காலின் முன்புறம் நீளவாக்கில் கீறி, சில்லை ஒதுக்கி வைக்கிறார்கள். தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியிலும் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கனத்தில் தேய்ந்த பாகத்தைச் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோக உறை, கீழே உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு. எலும்போடு பிடிக்க ஒரு தனிச் சிமெண்ட். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறுகிவிடும். மொத்தம் ஒன்றரை மணி, இரண்டு மணி நேர வேலை.

இதில் கைத்திறமை எங்கே இருக்கிறது? அளவில் இருக்கிறது. ஸ்பிண்டில் ஒரு நூல் சாய்ந்து ஓடினால் என்ன ஆகும் என்று மில் பிட்டரிடம் கேட்டால் தெரியும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நேராக நிற்கும்படி எலும்பை வெட்ட வேண்டும். உள்பக்கத் தசைநாரும் வெளிப்பக்கத் தசைநாரும் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் கால் ஆடும், இறுகினால் மடங்காது. ரோபோ கொண்டு செய்கிறோம் என்று இப்போது ஒரு புது விளம்பரம். வெட்டும் அளவைத் துல்லியமாக்க அந்த இயந்திரம் உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அதனால் நோயாளியின் வலியும் நடையும் நீண்ட காலத்துக்கு வெகுவாக மேம்படுகின்றன என்பது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. கடன் வாங்கி ரோபோவுக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இந்த வித்தையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார். கனடா நாட்டு டாக்டர் பிராங்க் கன்ஸ்டன், 1968இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் சிமெண்ட் வைத்துப் பொருத்தும் முழங்கால் மூட்டை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. உலகத்தார் எடுத்து வளர்க்கட்டும் என்று விட்டுவிட்டார். பின்வந்தவர்கள் அதைத் திருத்தித் திருத்தி இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தனர். கம்பெனிகளோ அதே சரக்கை நமது நாட்டில் விற்ற விலை என்ன? 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் உச்சவரம்பு விதிக்கும் வரை சாதாரண கோபால்ட்-குரோமிய மூட்டுக்குச் சராசரி விலை சுமார் 1,58,000 ரூபாய். வரம்பு விதித்ததும் அதே மூட்டு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்! இடையிலே நின்றவர்கள் முந்நூறு சதவிகிதத்துக்கு மேல் லாபம் வைத்ததாகச் சர்க்காரே சொன்னது. ஆனால் வரம்பு மூட்டுக்குத்தான். அறை வாடகைக்கும் ஆபரேஷன் கட்டணத்துக்கும் இல்லை. ஆகவே தமிழ்நாட்டுத் தோழர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அரசு ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் பேரில் அங்கே இந்த ஆபரேஷன் நடக்கிறது.

இனி ஆபத்துகள். மூட்டு வெகுகாலம் உழைக்கும். 2019இல் லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் வந்த கணக்குப்படி நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 ஆண்டு வரை நிற்கின்றன. அதேசமயம், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எதிர்பார்த்த அளவு திருப்தி கிடைப்பதில்லை என்பதும் டாக்டர்கள் ஒப்புக்கொள்ளும் விஷயம்தான். வெளிப்பக்க நரம்பு நைந்து பாதம் தொங்குவது, எலும்பு விரிவது, ஆண்டுகள் கழித்து சிமெண்ட் விட்டுப்போவது ஆகியவை உண்டு, அதிகமில்லை. கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது மோசமானது. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மாத்திரையோ ஊசியோ கொடுத்து, அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு முட்டினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது சீழ்ப் பிடிப்பது. நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது. ஆனால் வந்தவர் பாடு சொல்லி முடியாது. கிருமி உலோகத்தின் மேல் படலமாகப் படிந்துகொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக எட்டுவதில்லை. கழுவிப் பார்த்தும் அடங்காவிட்டால், வைத்த மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட் கட்டியைப் பல வாரம் வைத்திருந்து, மறுபடி புது மூட்டுப் பொருத்த வேண்டும். இந்தக் கிருமி ஆபரேஷன் அறையில் மட்டும் இல்லை. சொத்தைப் பல்லிலும், மூத்திரத் தாரையிலும், அடங்காத சர்க்கரை நோயிலும், விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணிலும் அதற்கு வழி இருக்கிறது. நடவுக்குப் போகும் பெண்களில் சேற்றுப்புண் இல்லாத கால் எத்தனை? அதை ஆற்றிக்கொண்டுதான் மேஜையில் படுக்க வேண்டும். "சின்னப் புண்தானே" என்று டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

அடுத்தது மூட்டு இறுகிப் போவது. இங்கேதான் ஏழைக்கும் பணக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் காலில் தெரிகிறது. காயம் ஆறும்போது உள்ளே தழும்பு கட்டும். வலித்தாலும் தினம் பல தடவை மடக்கி நீட்டினால்தான் நாற்காலியில் உட்கார, படியேறத் தேவையான அளவுக்கு மூட்டு மடங்கும். வசதியுள்ளவர் வீட்டுக்குப் பயிற்சியாளர் வருகிறார். பஸ் ஏறிப் போய்வரவே கூலி இல்லாதவர் என்ன செய்வார்? நின்று செய்யும் வேலைக்குத் திரும்பக் குறைந்தது மூன்று மாதமாவது ஆகும் என்கிறார்கள். ஒரு மாதத்திலேயே சைடு பார்க்கப் போய் நின்றால் கால் வீங்கும், பயிற்சி நின்றுபோகும், மூட்டு இறுகும். ஏட்டில் இதை ஆபரேஷனின் பின்விளைவு என்று எழுதுவார்கள். நாம் இதைக் கூலியில்லாததன் விளைவு என்கிறோம். மருந்துக்கும் உலோகத்துக்கும் பணம் ஒதுக்குகிற சர்க்கார், அந்த மூன்று மாதச் சோற்றுக்கு ஒதுக்காவிட்டால் பாதி வைத்தியம்தான் செய்கிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். புது மூட்டோடு குந்தி உட்காருவதையும் மண்டியிடுவதையும் பொதுவாக டாக்டர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். களைவெட்டுக்குப் போக முடியாது. தரையோடு உள்ள கக்கூசும் ஆகாது. வயலே பிழைப்பான பெண்ணுக்கு அப்புறம் என்ன வேலை?

இது வயதின் கோளாறு என்று கூறித் தட்டிக்கழிக்கிறார்கள். வயதும் உடல் பருமனும் காரணம்தான். வேலை காரணமில்லையா? ஜெர்மனியில் 2009இல் முழங்கால் தேய்மானத்தைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆயுளில் 13,000 மணி நேரம், ஷிப்டுக்கு ஒரு மணிக்குக் குறையாமல், மண்டியிட்டோ குந்தியோ உழைத்திருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. பிரிட்டனில் அதே ஆண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு ஏற்றார்கள். இதே அளவுகோலை நம்மூர் வயலில் வைத்துப் பார்ப்போம். நாளைக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 100 நாள் குந்திக் களையெடுத்தால் 26 ஆண்டில் 13,000 மணி. 16 வயதில் வயலில் இறங்கியவள் 42 வயதில் எட்டிவிடுகிறாள்! நமது பழைய 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இது இருக்கவில்லை. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. பட்டியலில் சேர், ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதக் கூலி கொடு, தாலுகா ஆஸ்பத்திரிதோறும் பயிற்சியாளரை நியமி என்று நாம் கேட்பது சலுகையல்ல.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். காண்டிராக்ட் ஆட்கள் பெயரில் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே சங்க அலுவலகத்தில் வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.